நீண்டுபோன கடைத்தெரு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கடைத்தெரு, கடையொன்று மூடப்பட்டால் அந்தக் கடையின் அகலமளவு சுருங்கிவிடும். கொரோனாக் காலத்தில் பார்மசி போனது. மறுநாள் காலை அதன் இரு பக்கத்துச் சுவர்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் புடைவைக்கடையும் பேக்கரியும் மற்றவையும் போயின. நடை மிச்சம் என்றார் தபால்காரர். கடைசியில், ஒரு முனையிலிருந்த அருந்ததியின் தையல்கடையும் மறுமுனையிலிருந்த மக்கீனின் மணிக்கூடு திருத்தும் கடையும் ஒரே சுவருக்கு இரு பக்கமாயின.

அருந்ததி கலியாணம் கட்டவில்லை. கூடப்பிறந்தவர்கள் கனடாவில். கடைக்கு மேலுள்ள அறையில் தனியே சமைத்துத் தனியே சாப்பிட்டு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இப்போது மத்தியானமானால் சுவருக்கு அப்பாலிருந்து மக்கீனின் குரல் வரும்.

"தங்கச்சி, சாப்பிட்டாச்சா?"

"ஓம் நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வாள், சாப்பிடாத நாளிலும். மனைவியை இழந்த அந்த மனிதர் இருமினால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு மாநகரசபையிலிருந்து நிஷாந்தினி என்ற உத்தியோகத்தர் வந்தாள். போன கடைகளைத் திரும்பத் திறப்பவர்களுக்கு வரிச்சலுகை, ஞாயிறுகளில் வாகனம் இல்லாத தெரு என்பது திட்டம். எஞ்சியிருக்கும் இரண்டு கடைக்காரரும் சம்மதிக்க வேண்டும்.

"கடை திறக்கத் திறக்க தெரு நீளும். அதுக்கு எங்களால ஒன்னும் செய்ய ஏலாது," என்றாள்.

மக்கீன் அருந்ததியைப் பார்த்தார். "நீங்க சொல்றதுதான், தங்கச்சி."

வாரக்கணக்கில் அவருடைய கடைக்கு ஒருவரும் படியேறவில்லை என்பது சுவர் வழியே அவளுக்குத் தெரியும். "திறக்கட்டும்," என்றாள்.

முதலில் ஸஹாப்தீன் ஆப்பக்கடை போட வந்தார். சாவியோடு அவர் வந்து நின்றதும் சுவர் விலகி இடம் விட்டது. அடுத்து போன் கடை, ஜூஸ் கடை. கொச்சிக்கடையிலிருந்தும் கிராண்ட்பாஸிலிருந்தும் சனம் வந்தது. பிளவுஸ்கள் குவிந்தன, அருந்ததி இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். மக்கீனின் கடை ஒவ்வொரு கடையாகத் தள்ளிப்போனது. முதலில் இருமல் கேட்காமல் போனது, பிறகு மத்தியானக் குரலும். சில நாட்களில் அவள் சாப்பிட மறந்து மாலையாகிவிடும்.

சென்ற மாதம் சலூன் திறக்க ரிப்பன் வெட்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள். வெட்டினாள். தெரு சத்தமில்லாமல் நீண்டது; நின்றவர்கள் வழக்கம்போல் தள்ளி நின்று கைதட்டினார்கள். மறுமுனை கண்ணுக்கு எட்டவில்லை.

"நானாவிட்ட ஆக்கள் வருகினமோ?" என்று நிஷாந்தினியிடம் கேட்டாள்.

"வர்றாங்க அக்கா. ஸ்டூல் போட்டு உக்காந்து காத்திருக்காங்க."

"அப்ப சரி," என்றுவிட்டு அருந்ததி, தன் கடையில் நின்ற பெண்ணுக்கு அளவெடுக்கப் போனாள்.