ஈரமண் கணக்கு

என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதனுக்குக் கோபமே வராது. அதனால் அவர் பங்கையும் சேர்த்து நானே கோபப்படவேண்டியிருக்கிறது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. அச்சு வெட்டுவது அம்சவல்லியாகிய நான். சூளை அவர் பொறுப்பு. வேலை முடிந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்தான்: வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கும் பத்மினி கார்.

போன வருஷம் பழைய கார்க்காரர்கள் எல்லாம் ஒரு காலி ஓடுதளத்தில் கூடி ஓட்டம் வைத்தார்கள். சிதம்பரத்துக்காரர் பத்ரிநாராயணன் தன் அம்பாசிடரில் என்னைத் தாண்டிப் போனார். போனதோடு விட்டாரா? கையை வெளியே நீட்டி டாட்டா காட்டினார். அந்தக் கை என் சோற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தோம். கேம் ஷாஃப்ட் மாற்றினோம், ஸ்பிரிங் மாற்றினோம். மிச்சம் நின்றது ராக்கர் ஆர்ம்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பார்க்கில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரிதான். கீழிருந்து ஒரு கம்பி இந்த முனையைத் தூக்கினால் அந்த முனை வால்வைக் கீழே அழுத்தித் திறக்கும். கோயம்புத்தூர் லேத்துக்காரர் ஒருவரிடம் நான் சொல்லிச் செய்த புது ராக்கர்கள் பழையதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகத் திறக்கும்; எஞ்சினுக்குள் காற்று அதிகம் போனால் வேகம் கூடும். நுனியில் குட்டி உருளை வேறு. பெட்டியைப் பிரித்தபோது எனக்குக் கல்யாண நகையைப் பார்த்த சந்தோஷம். உண்மையில், நகையைப் பார்த்தபோது இவ்வளவு இல்லை.

"அம்சா, வால்வு எறங்கி பிஸ்டன்ல இடிச்சிதுன்னா எஞ்சினு கஞ்சியாயிடும். பழைய அளவே போதும்" என்றார் இவர்.

"பழைய அளவுல ஓடித்தான டாட்டா வாங்கிட்டு வந்தேன்?"

"மண்ணு வச்சிப் பாப்போம். ரெண்டு மில்லிக்கு எடம் இருந்தா போடுவோம். இல்லன்னா கோயம்புத்தூருக்கே திருப்பி அனுப்பிடணும். பேச்சு மாறக்கூடாது."

பிஸ்டன் தலையில் மண்ணை அப்பி, மேலே எல்லாவற்றையும் மூடி, எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டுத் திறந்து பார்ப்பது வழக்கம். வால்வு அழுத்திய இடத்தில் எவ்வளவு மண் மிஞ்சுகிறதோ அதுதான் இடைவெளி. மற்ற ஊரில் பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண்ணைக் கடையில் வாங்குவார்கள். எங்களுக்கு என்ன தலையெழுத்து? யூனிட்டிலிருந்து ஒரு பிடி பீங்கான் மண் வந்தது. எண்ணெய் தடவி அப்பினோம், புது ராக்கர்களை மாட்டினோம், சுற்றினோம், திறந்தோம். பள்ளம் அழகாக விழுந்திருந்தது. ஆனால் அளக்கும் கருவியின் வாய் பட்டதும் ஈரமண் நசுங்கியது.

"இரு. சூளையில போட்டு எடுத்துடறேன். கல்லு மாதிரி ஆயிடும், நிம்மதியா அளக்கலாம்" என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் தொழிலில் எதையும் வெந்த பிறகுதான் அளப்போம். மண்ணைப் பக்குவமாக வெட்டி எடுத்து, ஃபியூஸ் கட்டைகளோடு வைத்துச் சுட்டார். மறுநாள் ஆறியதும் அளந்தோம். ஒன்றே முக்காலைக் கொஞ்சம் தாண்டியது, இரண்டைத் தொடவில்லை.

நான் மூன்று முறை அளந்தேன். கருவியைத் திட்டினேன். லேத்துக்காரரைத் திட்டினேன். கடைசியில் பேச்சு மாறக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இவர் ராக்கர்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பாலக்கரை கூரியருக்குக் கொண்டுபோனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரும்புத்துண்டுக்கு அழுகிறாளே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

யூனிட்டுக்குப் போய், ஒரு புது ஃபியூஸ் கட்டைக்கு அச்சு வரைய உட்கார்ந்தேன். சரக்கின் அளவை எழுதி, வழக்கம்போல நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும் என்று அச்சைப் பெரிதாக்கினேன். பென்சில் நின்றது.

அட மடச்சி! வருஷக்கணக்காக இதே கணக்கைப் போடுகிறவள், வெந்து சுருங்கிய மண்ணை அளந்துவிட்டு எஞ்சினில் இடமில்லை என்று அழுதுகொண்டிருக்கிறேன்!

ஸ்கூட்டியை எடுத்து பாலக்கரைக்குப் பறந்தேன். கூரியர் கடைப்பெண் இளமதி நிதானமாகச் சொன்னாள்: "அண்ணன் அப்பவே திரும்பி வந்து பார்சல வாங்கிட்டுப் போயிட்டாருக்கா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கூரியர் மெதுவாகப் போகும் என்று நேரே பஸ்ஸில் போட்டுவிட்டாரா? தோற்றவள் முகத்தை இன்னொரு முறை பார்க்கக்கூடாது என்று அவ்வளவு அவசரமா? வழி நெடுக வசனம் தயாரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஷெட்டில் இவர் குனிந்து நின்றிருந்தார். பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் ஈரத்துணி போட்ட புது மண்.

"பார்சல குடுத்துட்டு டீக்கடையில ஒக்காந்தேன். மண்ணு சுருங்குமேன்னு அப்பதான் ஒறச்சிது. சூளைக்காரன்னு வெளியில சொல்லாத, அசிங்கம்" என்றார்.

"நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே. பேசாம இருந்திருக்கலாம் இல்ல?"

"தப்பான அளவுல ஜெயிச்சி என்னா பண்றது? நீ வேற காலையில சோறே துன்னல."

தயாரித்த வசனம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேனே என்று அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நீ இல்லாம அளந்தா நம்புவியா?"

நம்பியிருக்க மாட்டேன். இரண்டு பேருமாக மண்ணை அப்பி, மூடி, போல்ட்டுகளை முறுக்கி, சுற்றினோம். திறந்ததும் மெல்லிய இடமாகப் பார்த்து ஊசியைக் குத்தி, அது இறங்கிய ஆழத்தை அளந்தேன். இரண்டு, அதற்கு மேல் ஒரு நூலிழை. இவரும் குத்தி அளந்தார். அதே அளவு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வீராயி அக்கா, பாம்பு வந்துவிட்டது என்று தடியோடு ஓடிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரை வெளியே எடுத்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, எங்கள் ஊர் முருகன் கொளஞ்சியப்பரைக் கும்பிட்டுக்கொண்டார். ஊர் தாண்டி நேர் ரோடு வந்தது. முன்பெல்லாம் நாலாயிரம் சுற்றில் பெருமூச்சு விடும் எஞ்சின், இப்போது அதைக் கண்டுகொள்ளாமல் மேலே போனது. தட்டல் இல்லை, உரசல் இல்லை. முள் ஐயாயிரத்தைத் தொட்டது. எனக்கே துணிச்சல் போதவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தேன்.

"என்னா எடுத்துட்ட?" என்றார் இவர், கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி.

"உங்களுக்குப் பயமா இருக்குமேன்னுதான்."

"பயமாத்தான் இருக்குது. நீ மிதி."