எடைக்குத் தக்க மோட்டர்

முத்தலிப் செப்பனிட்ட பல்சா மரப் பொம்மை விமானம், அவர் பொய் சொல்லும்போதெல்லாம் எடை கூடியது. கல்முனையில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. பொய் சொல்லிப் பாரமாகாத வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

விமானத்தைப் பள்ளிக்கூட நாளில் செய்தவன் மகன் அஸ்பாக். மீசை அரும்பியதும் அவனைக் கட்டாருக்கு ஏற்றிவிட்டார்கள். வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கல்யாணம் முடித்த வீட்டில் போய் இருப்பான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் உழைப்பில் தங்கச்சி ஸம்றாவுக்கு வீடு எழும்பியது, மாடியும் எழும்பியது. நாற்பது தாண்டியும் அவன் கல்யாணப் பேச்சை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் வரவு நின்றுபோகுமே! பிறகு அவனுடைய அறையை மருமகன் பர்ஹான் கேட்டான். காலி செய்தபோது கட்டிலுக்கடியில் இறக்கை முறிந்து கிடந்தது விமானம். முத்தலிப் தானே குந்தி ஒட்டினார்.

பெருநாளைக்கு வருவதாக அஸ்பாக் சொல்லியிருந்தான். ஒலுவில் கடற்கரையில் விமானம் பறப்பதைக் கண்டால் மகன் அறையைக் கேட்கமாட்டான் என்று முத்தலிப் நம்பினார். பறக்கவைக்க மோட்டர் வாங்கப் போனபோது, கடைக்காரன் றெமிஜியஸ் விமானத்தைத் தராசில் வைத்துப் பார்த்தான். "எடைக்குத்தான் மோட்டர் காக்கா. இதுக்குச் சின்னது காணும்."

மகரிப் தொழுகைக்குப் பிறகு அஸ்பாக்கின் போன் வந்தது.

"என்ட அறை கிடக்கா வாப்பா?"

"ஓம் மனே, பூட்டித்தான் வெச்சிருக்கன்."

விமானம் வைத்திருந்த மேசை கிறீச்சிட்டது. மறுநாள் பெரிய மோட்டர் வாங்கிப் பூட்டினார். அடுத்த தடவை, "உனக்குப் பொண் பாக்கிறம்" என்றார். மேசைக்கால் ஒடிந்து விமானம் தரையில் குந்திக்கொண்டது.

"இனி தண்ணி இறைக்கிற மோட்டர்தான் கிடக்கு காக்கா" என்று றெமிஜியஸ் கையை விரித்தான்.

டிக்கெட் போடப்போகும் அன்று மகன் மறுபடியும் அறையைக் கேட்டான். முத்தலிபுக்குப் பொய் வரவில்லை.

"அறையில பர்ஹான் இருக்கான் மனே. உனக்குப் பொண்ணும் பாக்கல்ல. இஞ்ச உனக்கு இடமில்ல."

"இத முன்னமே சொல்லியிருக்கலாமே வாப்பா."

போன் நின்றது. விமானம் தரையை விட்டுக் கிளம்பி, மோட்டர் ஓடாமலே சீலிங்கில் போய் ஒட்டிக்கொண்டது.

பெருநாள் வந்தது, அஸ்பாக் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மகன் எப்போது வாறான் என்று யாராவது கேட்டால், அடுத்த பெருநாளைக்கு என்கிறார் முத்தலிப். உடனே விமானம் ஒரு சாண் கீழே இறங்கும். ஸம்றா தலையைக் குனிந்துகொண்டு அதற்கடியால் போய்வருகிறாள்.