யாரும் அணியாத குத்துவாள்

"கிரீடத்தைக் கழட்டிப் பாக்கணும் சார்," என்றேன்.

கத்தியைக் கொண்டுவந்தவர் எதிரில் அதைக் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே எவர்ட்ஸ்புஷ் சொல்லியிருந்தார். ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் பழைய ராணுவக் கத்திகளை ஏலம் விடும் கடை அவருடையது. குத்துவாளின் தலையிலுள்ள பித்தளைக் கிரீடத்தைத் திருகினால் பிடி, கைகாப்பு, அலகு எல்லாம் தனித்தனியாக வந்துவிடும். கொண்டுவந்தவரைத் திருடன் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

எவர்ட்ஸ்புஷ் இருமினார். "படிச்ச பொண்ணு, போலிக். எதையும் பிரிச்சுப் பாத்தாதான் தூக்கம் வரும்."

"பிரிக்கட்டுமே," என்றார் கத்தியைக் கொண்டுவந்த போலிக். மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்ஸின் டிரைவர், சீருடையோடு வந்திருந்தார். "உள்ள எங்க தாத்தா பேர் இருந்தாலும் இருக்கும், பாப்பா."

பாப்பா. எனக்கு இருபத்தாறு வயது.

ஏலப் பட்டியலில் 'கைசரின் கடற்படை அதிகாரி ஆல்வின் போலிக் அணிந்தது' என்று அச்சாக வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது. கைசர் என்றால் முதல் உலகப் போர்வரை ஆண்ட ஜெர்மன் பேரரசர். அதன் கீழே மதிப்பிட்டவர் என்று முதன்முறையாக என் பெயர் வரும். கத்தரிக்கோல் தொழிற்சாலையில் பெட்டி கட்டியே ஓய்ந்த அம்மாவின் மகள் பெயர். போலிக்கைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

கைகாப்பில் நங்கூரம் தலைகீழாக வார்த்த இந்த வகையில் இதுவரை உலகத்திலேயே நான்குதான் கிடைத்திருக்கின்றன; இது ஐந்தாவது. நிலைமையோ அபாரம். அதுதான் உறுத்தியது. இடுப்பில் தொங்கிய கத்தி என்றால் உறையில் வளையம் உரசிய தடம் இருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை.

திருகினேன். அலகின் முத்திரை அசல். தந்தப் பிடியின் வெடிப்புகள் பழையவை. ஆனால் பிடிக்குள் மறைந்திருந்த அலகின் வால் பகுதி பழுப்பேறவே இல்லை. பிற்பாடு யாரோ ராவிப் பொருத்தியதுபோல அரம் போட்ட கோடுகள் பளிச்சென்று இருந்தன. தாத்தா பெயரும் இல்லை.

"போலியா?" என்றார் போலிக்.

"இல்ல சார்."

"அப்போ அசல்."

"அப்படியும் சொல்ல முடியல."

"என்னம்மா இது? பஸ் வருமான்னு கேட்டா ஸ்டாப் இருக்குங்கறே!"

எவர்ட்ஸ்புஷ் என்னை உள்ளறைக்கு இழுத்துப் போனார். கறுப்பு ரொட்டியும் புகையிட்ட சாசேஜுமாக, பாதி தின்ற தட்டு அங்கே கிடந்தது.

"ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சப்புறம் கத்தி ஃபாக்டரி மாடியில மிச்சம் கிடந்த சாமானை அதே ஆளுங்க கோத்து அமெரிக்கச் சிப்பாய்ங்களுக்கு வித்தாங்க. அலகு அசல், பிடி அசல். லேட்டா கல்யாணம் ஆச்சு. அதுக்காகக் கல்யாணமே இல்லைம்பியா?"

"அப்ப மத்த நாலு?"

"அதே மாடிதான்."

அந்த நான்கோடு ஒப்பிட்டுத்தான் ஐந்தாவதை அசல் என்கிறோம். இது தப்பென்றால் அவையும் தப்பு. அவையும் தப்பென்றால், எதை வைத்து இதைத் தப்பு என்பது?

"போலிக்கோட தாத்தா கத்தி?"

"அவர் கத்தி எங்கயோ தொலைஞ்சிருக்கும். வீட்ல யாரோ இதை வாங்கிச் சுவத்துல மாட்டியிருப்பாங்க. நீ 'முதல் தரம், மிக அரிது, அதிகாரி அணிந்தது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா திங்கக்கிழமை வராதே."

கல்யாணக் கணக்கு சரியோ என்றுகூடத் தோன்றியது. அதனாலேயே எரிச்சல் மண்டியது. 'அணிந்தது' என்ற சொல்லில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை.

திரும்பி வந்து மதிப்பீட்டு அட்டையில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன்: 'பாகங்கள் கைசர் காலத்தவை. கோத்தது பிறகு. யாரும் அணிந்த தடயம் இல்லை. சில்கே டிரோஸ்லர்.'

போலிக் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். "தாத்தா இடுப்புல கத்தியோட ஃபோட்டோ இருக்கே?"

"அந்தக் கத்தி எங்கன்னு எனக்குத் தெரியல சார். இது அது இல்ல."

அவர் அட்டையை மேசைமேல் வைக்கவில்லை. சட்டைப்பையிலும் போடவில்லை. பிடித்தபடியே நின்றார்.

"ஏய், இதைக் கோத்துட்டுப் போ!" என்று எவர்ட்ஸ்புஷ் கத்தினார்.

"கோக்கற வேலை உங்களுது," என்றேன். கோட்டின் ஒரு கை மாட்டியும் மாட்டாமலும் இருக்க, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.