தபாலில் போன தையற்காரர் மனைவி

அந்த ஊரிலிருந்து முதன்முதலாகத் தபாலில் போன ஆள் தையற்காரரின் மனைவிதான். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, பஸ் இல்லை, மகளுக்கோ தலைப்பிரசவம். அழுதுகொண்டு வந்தவளைப் போஸ்ட்மாஸ்டரம்மா ஏற இறங்கப் பார்த்தார். மூட்டைத் தராசில் ஏற்றி எடை போட்டார். நெற்றியில் தபால்தலைகளை ஒட்டி, கையில் மகளின் முகவரியை எழுதி, முத்திரையை ஓங்கி ஒரு குத்து. அவ்வளவுதான்! மறுநாள் காலை மகள் வீட்டு வாசலில் போய் இறங்கிவிட்டாள். கொண்டுபோன தைலப் பாட்டில்கூட உடையவில்லை.

அப்புறம் ஊருக்குக் கேட்கவா வேண்டும்! கல்யாணம், ஆஸ்பத்திரி, பரீட்சை என்று எல்லோரும் தபாலிலேயே போய்வந்தார்கள். தெருக்களுக்குப் பெயரே வைக்காத ஊர் என்பதால் திரும்பும்போது தபாலாபீஸ் முகவரிக்கே வந்து இறங்குவார்கள். நேரிலேயே போய்ப் பேசிவிடலாம் என்றால் கடுதாசி எதற்கு? எழுதுவதையே விட்டுவிட்டார்கள். வந்தது வினை. கடிதமே போகாத ஆபீஸை மூடுவதற்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பூட்டோடு வந்து நின்றார்.

மகளின் மூன்றாவது பிரசவத்தையும் பார்த்துவிட்டு, மூத்த பேத்தியோடு தையற்காரரின் மனைவி அன்றுதான் தபாலில் வந்துகொண்டிருந்தாள். தையற்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடிவந்தார்.

"சார், என் பொண்டாட்டியும் பேத்தியும் வழியில இருக்காங்க சார்! ஆபீசே இல்லைன்னா எங்க வந்து இறங்குவாங்க?"

"மனுஷங்க தபால்ல வர்றாங்களா? யாரு காதுல பூ சுத்துற? ரூல்னா ரூல்தான்" என்ற அதிகாரி, முத்திரையைப் பிடுங்கித் தன் உள்ளங்கையிலேயே ஓங்கிக் குத்தினார். "பாரு, நான் எங்கயாவது போ..."

ஆளைக் காணோம்! ஊரே பதறித் தேடியது. பின்னறையில், பட்டுவாடா ஆகாத தபால்களுக்கான அலமாரியின் மேல்தட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முகவரி எழுதாமல் குத்தினால் வேறெங்கே போவது? போஸ்ட்மாஸ்டரம்மா ஸ்டூல் போட்டு இறங்கச் சொன்னார். அவரா இறங்குவார்!

"முகவரி இல்லாத தபாலை வெளிய விடக் கூடாதும்மா" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "தபால் உள்ள இருக்கிற வரைக்கும் ஆபீசை மூடவும் கூடாது. ரூல்னா ரூல்தான்."

ஊர் கைதட்டி ஆர்ப்பரித்த நேரத்தில் தபால் வண்டி வந்தது. பையைப் பிரித்தால் தையற்காரரின் மனைவி, இடுப்பில் பேத்தி! தையற்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

"என்னங்க இது, நான் என்ன காணாமயா போயிட்டேன்?" என்றாள் அவள்.

அதிகாரி இன்றும் அந்த மேல்தட்டில்தான் இருக்கிறார். வேளாவேளைக்குச் சர்க்கரை குறைத்து டீ ஏறிப் போகிறது. வீட்டு முகவரியைச் சொன்னால் எழுதிவிடுகிறேன் என்று போஸ்ட்மாஸ்டரம்மா பேனாவோடு கேட்கும்போதெல்லாம், யோசித்துச் சொல்கிறேன் என்கிறார்.