பக்கத்து இருக்கையின் பிரேக்

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ரப்பர் துண்டிலிருந்து வந்தது. ஓட்டுநர் பள்ளிக் காரில் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவருக்கு இன்னொன்று. அந்த இரண்டாவதன் ரப்பர்தான் வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் எத்தனை தடவை மிதித்திருந்தால் அப்படித் தேயும்!

2
மழை பெய்துகொண்டிருந்தது. அவள் சாவியை—

சீ, மழை எதற்கு? துக்கம் என்றாலே மழையைக் கூப்பிடும் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெயில்தான். பூட்டிக்கிடக்கும் தொழிற்சாலையின் முற்றம். ஓட்டுநர் பள்ளி நடத்தும் அம்மா, தன் சின்ன மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். உரிமம் எடுக்கச் சின்னவளுக்கு இன்னும் வயசாகவில்லை. (சட்டம் தெரிந்தவர்கள் கோபிக்க வேண்டாம். சுற்றிலும் மதில், வெளிக்கதவும் பூட்டியாயிற்று.) பெரியவள் உரிமம் எடுக்கும் வயசு ஆன கையோடு இதே காரில், இதே அம்மாவிடம் அவசரமாகக் கற்றாள். போன வருடம் தன் சொந்தக் காரில் போய் லாரியின் பின்னால் மோதிச் செத்துப்போனாள். அந்த அவசரம்தான் அவளைக் கொன்றது என்று அம்மா நம்புகிறாள். இவளுக்காவது ஆற அமரச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

3
கால் மரத்துப்போக, அம்மா அதை மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள். (இதற்குப் பெரிய காரணம் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை.)

"அந்த டிரம்முகிட்ட நிறுத்துடி, வாலு."

"நிறுத்துறேன், கத்தாதம்மா."

கார் இடித்து டிரம் உருண்டு ஓடியது. கொஞ்சம் தள்ளித்தான் கார் நின்றது.

"அம்மா, இன்னைக்கு பிரேக் சரியில்லம்மா! எப்பவும் லேசா மிதிச்சாலே நிக்குமே?"

4
இவ்வளவு நாளும் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்த, இப்போது மடங்கிக் கிடக்கும் காலை அம்மா பார்த்தாள். சொந்தக் கார் வாங்கிய வாரம் பெரியவளும் இப்படித்தான் சொன்னாள்: "பிரேக் பிடிக்கவே மாட்டேங்குதும்மா." மெக்கானிக் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். "உனக்கு எதுலயும் நொட்டைதான்" என்று அம்மா சிரித்தாள். பாவி, சிரித்தாள்!

5
ஒரு முடிவு: "சரி, மெக்கானிக்கைப் பாக்கச் சொல்றேன்" என்று அம்மா பொய் சொல்கிறாள். கால் பழைய இடத்துக்குப் போகிறது. சின்னவளும் உரிமம் வாங்கி, ஒருநாள் தனியாக— (வேண்டாம். எழுத மாட்டேன்.)

இன்னொரு முடிவு: அம்மா உண்மையைச் சொல்கிறாள். சின்னவள் மக்கு இல்லை. "அப்போ அக்காவுக்கும் நீதான் மிதிச்சியா?" என்று கேட்பாள். பெற்றவள் அதற்கு என்ன சொல்வாள்? ஐந்து தடவை எழுதி ஐந்து தடவையும் அடித்துவிட்டேன்.

அம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

"பிரேக் நல்லாத்தான் இருக்குடி. இவ்வளவு நாளும்..."

எனக்கு இதற்குமேல் கை ஓடவில்லை. சின்னவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மீதியை நீங்கள் சொல்லி முடியுங்கள். என்னைப் போலப் பாதியில் விட்டுவிடாதீர்கள், அந்தப் பிள்ளை இனித் தனியாக ஓட்ட வேண்டியவள்.