நகராத கோடு

வேப்பங்கிளையில் தொங்கிய கலயத்தைப் பார்த்ததும் வெள்ளியங்கிரி வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே அவனுடைய ஐயன் காளியப்பனின் எலும்பும் சாம்பலும் இருந்தன. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன் காத்தான். கரைப்பதாவது பெற்ற பிள்ளை கையால் நடக்கட்டும் என்று அம்மா சௌந்திரம் ஒற்றைக்காலில் நின்றாள். எலும்பு வீட்டுக்குள் வரக்கூடாதே, அதனால் மரத்தில் கட்டிவிட்டு, நேற்றிலிருந்து அவளும் மரத்தடியிலேயே கிடந்தாள்.

"கண்ணு கெட்ட பொறகு சூரிய நமஸ்காரமாக்கும்" என்று காத்தான் முணுமுணுத்தது காதில் விழத்தான் செய்தது. சொல்லட்டும். தப்புத் தன் மேல்தான்.

தெற்கே மலைமேல் வான ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்கு அளவெடுக்கும் வேலை. நட்சத்திர வெளிச்சத்தைப் பிரித்துப் பிடித்த கண்ணாடித் தகட்டில் கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். 'ஐயனுக்குக் கடுமை, உடனே வா' என்று தந்தி வந்த காலையில் ஒரு கோடு மட்டும் முரண்டு பிடித்தது. தான்தான் தப்பாக அளந்துவிட்டோமோ என்று இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று உட்கார்ந்துவிட்டான். பஸ் போய்விட்டது. அன்றே கிளம்பியிருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

கலயத்தை எடுக்கப் போனவனை அம்மா தடுத்தாள்.

"ஊட்ல உசுரு போறப்ப அப்புடி என்ன சாமி வேல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரண்டு நச்சத்திரம் ஒண்ணையொண்ணு சுத்துதுங்கம்மா. அதுங்க அசைய அசைய எல்லாக் கோடும் அசையுது. ஒண்ணு மட்டும் நகரவே இல்லீங்க. அது நச்சத்திரத்துது இல்ல. நடுவால வெட்டவெளியில சுண்ணாம்புச் சத்து புகையாட்டம் திட்டுத் திட்டா நிக்குது. எலும்புல இருக்கற அதே சத்துங்க. சூரியன் நம்மளயும் கூட்டிக்கிட்டு அந்தப் புகைக்குள்ளதான் போவுது."

எலும்பு என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சௌந்திரம் கலயத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எல்லாம் அசைஞ்சப்ப ஒண்ணு நகராம நின்னுச்சா?"

"ஆமாங்கம்மா."

"உங்கய்யன் கண்ணும் அப்புடித்தான் சாமி. சீவன் போறவரைக்கும் வாசப்படிய உட்டு நகரல."

கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மோகனூரில் ஒரு பாறை மறைவாக இடுப்பளவு காவிரியில் இறங்கி, வாழையிலையில் பூவை விட்டுக் கலயத்தைக் கவிழ்த்தான். "மூணு முங்கு போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வா" என்று கரையிலிருந்து காத்தான் கத்தினான். முங்கினான். கரைப்பக்கம் முகம் திருப்பியவன், அடியெடுத்து வைக்கும் முன்பே தாங்கமாட்டாமல் திரும்பிப் பார்த்துவிட்டான்.

பூ போய்விட்டது. வாழையிலை போய்விட்டது. ஆறு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாறை மறைவில் சாம்பல் மட்டும் வெள்ளைப் புகையாக, நகராமல், அவன் இடுப்பைச் சுற்றி நின்றது.