மருந்துக்கடைக் கதவுகள்

உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியவர்கள் நடையில் திரும்ப முடியாமல் நின்றார்கள். சலோமத் சுவரோரம் சாத்தியிருந்த இரண்டு கண்ணாடிக் கதவுகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள்.

"அதைத் தூக்கி வெளியே போடு புள்ள. என் தம்பி போறதுக்கு வழி விடு" என்றார் துர்சுன்பாய், இடுப்பில் கட்டிய துக்கத் துணியை இறுக்கியபடி.

"கண்ணாடி உடைஞ்சிரும் மச்சான். நான் பிடிச்சுக்கறேன். நீங்க தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்க, திரும்பிரும்."

தூக்கினார்கள். திரும்பியது. எர்காஷின் மேல் போர்த்தியிருந்த பட்டு அங்கி கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதர் வாசலைத் தாண்டுகிறார், இவளோ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கோகந்து ஊர் முழுக்க நாளைக்குப் பேசும். பேசட்டும்.

முற்றத்தில் சந்தூக்கை இறக்கியதும் இமாம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இவர் எப்படிப்பட்ட மனிதர்?"

"நல்ல மனுஷர்! நல்ல மனுஷர்!" என்று ஆண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

துர்சுன்பாய் கைத்தடியில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். அழுகையோடு அழுகையாகச் சொன்னார்: "நல்லவன்தான் என் தம்பி. பாவம், தொட்டது ஒண்ணையும் முடிச்சதில்ல."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை சலோமத் ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் சொன்னது பொய் என்றால் வலித்திருக்காது. பின்கட்டில் பாதி தோண்டிய நிலவறை இருந்தது. கொட்டகையில் ஒரு மோட்டார் சைக்கிள் இருபது வருடமாகத் துண்டு துண்டாகக் கிடந்தது. எர்காஷ் ஆரம்ப சூரர்தான். ஆனால் அதைச் சொல்லவும் ஒரு நாள், ஒரு இடம் கிடையாதா?

புறப்படும் முன் துர்சுன்பாய் பெண்கள் இருந்த அறைக்குள் தலையை நீட்டினார். மூலையில் கதவில்லாமல் நின்ற அலமாரியைத் தடியால் காட்டினார்.

"நாங்க திரும்பி வர்றதுக்குள்ள இந்தக் கூட்டைப் பிரிச்சு முற்றத்துல போட்டு வை. நமக்குச் சமைக்கிற பக்கத்து வீட்டு அண்டாவுக்கு விறகாகட்டும். செத்தவன் பாதியில விட்ட வேலை வீட்டுல இருக்கக் கூடாது, இன்னொருத்தரை இழுக்கும்."

"பாதியில இருந்தாத்தானே மச்சான்?"

அவர் காதில் அது விழவில்லை. அதற்குள் சந்தூக் தெருவில் இறங்கிவிட்டது.

கபரஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் போய், தொழுது, மண் போட்டு, ஓதித் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். சலோமத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

கதவுகள் ஜார் காலத்து மருந்துக்கடை ஒன்றின் அலமாரியில் இருந்தவை. சாலையை அகலப்படுத்த அந்தக் கட்டடத்தை இடித்தபோது எர்காஷ் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் அங்கங்கே சின்னக் கொப்புளம் இருக்கும். அதன் வழியே பார்த்தால் மனிதர்கள் லேசாக நெளிவார்கள். ஏழு பூச்சுப் பெயின்டைச் சுரண்டி எடுத்து, கதவை அளந்து, "உயரம் ஏழு சாண், அகலம் ரெண்டு ரெண்டு சாண்" என்று சொன்ன வாரத்திலேயே நுரையீரல் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. படுத்தபடி அவர் சொல்லச் சொல்ல, முப்பது வருடம் பட்டு ஆலையில் தறி ஓட்டிய சலோமத் அலமாரிக்குப் பலகை அறுத்தாள். ஏழு சாணும் அளந்து அறுத்தாள், தன் கையால். எறும்பும் தன் கையால் எண் சாண் அல்லவா? பெட்டி நான்கு விரல் குட்டையாகவும் இரண்டு விரல் ஒடுக்கமாகவும் வந்தது. எர்காஷ் சிரித்தார், சிரித்து இருமினார், இருமி முடித்ததும் சண்டைக்கு வந்தார்.

"கதவுல ரம்பம் படக் கூடாது. பெட்டியைப் பிரிச்சு மறுபடி கட்டு."

"எதுக்குப் பிரிக்கணும்? சட்டத்துக்கு மேலாகவே மாட்டிரலாமே. மேலே ரெண்டு விரல், கீழே ரெண்டு விரல் மூடிக்கும்."

"மூஞ்சியில ஒட்டின கதவு அலமாரிக்கா? கோழிக்கூட்டுக்கு!"

ஒரு மாதம் இதே வாக்குவாதம். நேற்றுச் சாயங்காலம்கூட நடந்தது. இன்று விடியலில் அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது, அண்ணன் மேலும், தம்பி மேலும்.

"நிகோரா, இந்தப் பக்கம் பிடி" என்றாள் மகளிடம்.

"அம்மா, இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான்."

ஒப்பாரிக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹம்ரோ பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். "அடியே சலோமத், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மையத்து வீட்டுல சுத்தியல் சத்தம் கேட்டா ஊர் என்னடி சொல்லும்?"

"ஆணி இல்ல அக்கா, திருகாணி. சத்தம் வராது."

சலோமத் பழைய கீல் இருந்த ஓட்டைகளில் தீக்குச்சிகளைச் செருகி ஒடித்தாள். புதுக் கீல்களைச் சட்டத்தின் முகப்பில் வைத்து, திருகாணிகளைச் சோப்பில் தோய்த்து முடுக்கினாள். இடது கதவு ஏறியது. வலது கதவைத் தூக்கி நிறுத்த, அடியில் இரண்டு செங்கல்லும் ஒரு தீப்பெட்டியும் முட்டுக் கொடுத்தார்கள். அதுவும் ஏறியது. மூடினால்தான் தகராறு. இரண்டு கதவும் நடுவில் நகத்தளவு முட்டிக்கொண்டன.

"போச்சு" என்றாள் நிகோரா.

"ஒண்ணும் போகல. இழைப்புளியை எடு."

கதவில் ரம்பம் படக் கூடாது என்றுதானே சொன்னீர்கள், இது ரம்பம் இல்லை என்று மனதுக்குள் அவரிடம் வாதாடிக்கொண்டே வைத்து இழுத்தாள். உலர்ந்த மரம் கர்ர் என்று கத்தியது. அறையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தெருவில் யாரோ கிழவர் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது ஹம்ரோ நெஞ்சில் அடித்துக்கொண்டு குரலை உயர்த்தினாள். "ஐயோ எர்காஷ் தம்பீ! வாசலை விட்டுப் போனீங்களே!" சலோமத் இழுத்தாள். "ஐயோ, பொண்டாட்டியைத் தவிக்க விட்டீங்களே!" மறுபடி இழுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இழைப்புளிக்கு ஒரு இழுப்பு, ஒப்பாரிக்கு ஒரு அடி. "ஐயோ, தங்கமான மனுஷரே! மெல்ல இழைடி, சிராய் பேர்ந்திரப் போகுது! ஐயோ, எங்களை யார் சிரிக்க வைப்பாங்க!" அந்த வார்த்தையில் ஹம்ரோ நிஜமாகவே அழுதுவிட்டாள். எர்காஷ் உண்மையிலேயே தெருவையே சிரிக்க வைத்தவர். சலோமத்தின் கண்ணீர் மரச் சுருளின் மேல் விழுந்தது. கை நிற்கவில்லை.

இந்த முறை கதவுகள் ஒன்றையொன்று தொடாமல், பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. மரத்தூளைக் கூட்டினார்கள். ஆறிய டீயில் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக அக்கம்பக்கத்தில் இருந்து வந்திருந்த டீக் கிண்ணங்களை எல்லாம் நிகோரா உள்ளே அடுக்கினாள்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துர்சுன்பாய் இரண்டு வாலிபர்களோடு நேராக அந்த அறைக்கே வந்தார்.

"இன்னும் பிரிக்க..." என்று ஆரம்பித்தவர் நின்றார். பக்கத்தில் வந்தார். சட்டத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

"உள்ளே உட்காரலையே. மேலாக மாட்டியிருக்கே."

"ஆமா."

"எர்காஷ் இதுக்குச் சம்மதிச்சிருக்க மாட்டான்."

"மாட்டார். அவர் பேச்சைக் கேட்டிருந்தா அடுத்த வருஷமும் இது இப்படியே நின்னிருக்கும். அவரும் நானும் சேர்ந்து செஞ்சது மச்சான். முடிஞ்ச வேலை. நல்லாப் பார்த்துக்கோங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். "விறகுக்கு என்ன செய்யறது பெரியப்பா?" என்று கேட்டான் ஒரு வாலிபன்.

ஹம்ரோ தன் வீட்டுக் கெட்டிலோடு வந்தாள். "குளிர்ல போயிட்டு வந்திருக்கார், ஒரு வாய் டீ ஊத்தணும். கிண்ணம் எங்கேடி?"

"அலமாரியில இருக்கு. மச்சானே எடுத்துக்குவார்" என்றாள் சலோமத்.

துர்சுன்பாய் தயங்கி, கதவை இழுத்தார். அது சத்தமில்லாமல் வந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"கதவு" என்றாள் சலோமத்.

அந்தக் குடும்பத்தில் இதுவரை அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய், நகக்கண்ணில் கபர் மண் இருந்த இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்து மெதுவாகச் சாத்தினார்.